கடவுள் தெரிந்துகொண்ட மக்களும் எல்லோரையும் போன்ற ஒரு தேசமும்

1948 மே 14 அன்று டெல் அவிவ் அருங்காட்சியகக் கூடத்தில் டேவிட் பென்குரியன் வாசித்த இஸ்ரேல் சுதந்திரப் பிரகடனத்தில் 'தெரிந்துகொள்ளப்பட்ட மக்கள்', அதாவது கடவுள் தமக்கெனத் தேர்ந்தெடுத்த மக்கள், என்ற பேச்சே கிடையாது. மற்ற எல்லாத் தேசங்களையும் போல, சொந்த அரசில் தங்கள் விதியைத் தாங்களே தீர்மானிப்பது யூத மக்களின் இயற்கை உரிமை என்றுதான் அது சொல்கிறது. கடவுளின் பெயரும் நேரடியாக இல்லை. கடைசிப் பத்தியில் கடவுளைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நின்றார் மதத் தரப்பைச் சேர்ந்த ராபி (யூத மதகுரு) யெஹூதா லெய்ப் ஃபிஷ்மன். கூடவே கூடாது என்றார் இடதுசாரி மப்பாம் கட்சியின் அஹரோன் சிஸ்லிங். 'இஸ்ரவேலின் கன்மலை' என்ற தொடரைப் போட்டுப் பென்குரியன் இருவரையும் சமாளித்தார். பக்தர் அதைக் கடவுள் என்று படித்துக்கொள்ளலாம், நாத்திகர் மக்களின் மனவலிமை என்று படித்துக்கொள்ளலாம்.

அதே பிரகடனத்தின் இன்னொரு வரியைப் பாருங்கள். இந்த அரசு இஸ்ரவேலின் தீர்க்கதரிசிகள் கண்ட சுதந்திரம், நீதி, சமாதானம் ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்டிருக்கும் என்கிறது. எல்லோரையும் போல இருக்க விரும்பும் ஒரு நாடு ஆமோசையும் ஏசாயாவையும் தனக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒரே ஆவணத்தில் இரண்டு ஆசைகள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவை பிரியவில்லை. 2009இல் எடுக்கப்பட்டு 2012இல் வெளியான குட்மன் மையத்தின் ஆய்வில், இஸ்ரேலிய யூதர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தங்களை மதச்சார்பற்றவர்கள் என்று சொன்னார்கள். அதே ஆய்வில், யூதர்கள் கடவுளால் தெரிந்துகொள்ளப்பட்ட மக்கள் என்று நம்புவதாகச் சொன்னவர்கள் 67 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஓய்வுநாள் விதிகளைக் கண்டுகொள்ளாத, ஜெபக்கூடத்துப் பக்கம் போகாத கணிசமான பேர் இந்த ஒன்றை மட்டும் கைவிடவில்லை என்றாகிறது.

யூதர்களைச் 'சாதாரண' மக்களாக ஆக்குவதற்கென்றே எழுந்த, யூதர்களுக்குச் சொந்த நாடு தேடிய சியோனிச இயக்கத்துக்குள் இந்த எண்ணம் எப்படித் தப்பிப் பிழைத்தது? அதற்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு பாதிகள் உண்டு என்பதில் விடை இருக்கிறது. ஒன்று கட்டளை: இப்படி நடந்துகொள் என்பது. மற்றது தகுதி: நீ இப்படிப்பட்டவன் என்பது. மரபுவழி வாழ்க்கை இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருந்தது. நவீன காலம் கயிற்றை அறுத்தது. யார் எந்தப் பாதியை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று பார்த்தாலே இன்றைய சண்டைகளில் பெரும்பாலானவை விளங்கும்.

மூல நூலில் என்ன இருக்கிறது

தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு 'சொந்த சம்பத்து' பழகிய தொடர். யாத்திராகமம் 19ஆம் அதிகாரம், 5ஆம் வசனம். எகிப்திலிருந்து வந்தவர்கள் சீனாய் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். பத்துக் கட்டளைகள் இன்னும் வரவில்லை. "நீங்கள் என் வாக்கைக் கேட்டு, என் உடன்படிக்கையைக் கைக்கொள்வீர்களானால்" என்று ஆரம்பிக்கிறது கடவுளின் பேச்சு. அப்படியானால் சகல ஜனங்களிலும் நீங்கள் எனக்குச் சொந்த சம்பத்து. உடனே, அதே மூச்சில், "பூமியெல்லாம் என்னுடையது". நிபந்தனை, சிறப்பு, உலகம் முழுக்க எனக்குரியதே என்ற நினைவூட்டல் என மூன்று துண்டுகள். நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுத்து மேற்கோள் காட்டும் பழக்கம் ஆதரவாளர்களிடமும் உண்டு, எதிரிகளிடமும் உண்டு.

நிபந்தனை மட்டும்தான் மூலத்தில் இருக்கிறது என்று சொன்னால் அதுவும் நேர்மையாகாது. உபாகமம் 7ஆம் அதிகாரம் வேறு மாதிரிப் பேசுகிறது. நீங்கள் எண்ணிக்கையில் பெரியவர்கள் என்பதால் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, எல்லோரிலும் நீங்கள்தான் கொஞ்சம் பேர். உங்கள்மேல் வைத்த அன்பினாலும் உங்கள் முன்னோருக்குக் கொடுத்த ஆணையினாலும் தெரிந்துகொண்டேன் என்கிறது. இங்கே 'கைக்கொள்வீர்களானால்' என்ற நிபந்தனை இல்லை, பரம்பரை இருக்கிறது. ஆமோஸ் தீர்க்கதரிசி இரண்டையும் சேர்த்து அடிக்கிறார்: பூமியின் வம்சங்களுக்குள் உங்களை மாத்திரம் அறிந்திருக்கிறேன், ஆகையால் உங்கள் அக்கிரமங்கள் எல்லாவற்றுக்காகவும் உங்களைத் தண்டிப்பேன். அந்த 'ஆகையால்' தான் கனமான சொல். சலுகை வரும் என்று காத்திருந்த காதில் தண்டனை வந்து விழுகிறது. இதே ஆமோஸ் கடைசி அதிகாரத்தில், நீங்கள் எனக்கு எத்தியோப்பியரைப் போன்றவர்கள்தானே, உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்ததுபோலப் பெலிஸ்தரையும் வேறிடத்திலிருந்து கொண்டுவந்தேனே என்று கேட்கிறார்.

தால்முத் என்ற யூதச் சட்ட விவாதத் தொகுப்பு உருவான காலத்து ராபிகளுக்கும் இது நெருடியிருக்கிறது. மற்ற தேசங்களிடம் கடவுள் தமது சட்டநூலான தோராவை முதலில் கொண்டுபோய்க் காட்டினார், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுவிட்டு ஒவ்வொருவரும் மறுத்தார்கள் என்கிறது ஒரு கதை. கடவுள் சீனாய் மலையைப் பெயர்த்து இஸ்ரவேலரின் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, ஏற்றால் சரி, இல்லாவிட்டால் இங்கேயே உங்களுக்குக் கல்லறை என்றார் என்கிறது இன்னொரு கதை. முதல் கதையில் இவர்கள்தாம் ஏற்றவர்கள். இரண்டாவதில் இவர்களுக்கு வேறு வழியில்லை. இரண்டிலுமே பிறப்பில் வந்த மேன்மை என்று ஒன்று இல்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். யூத மரபில் தெரிந்துகொள்ளப்படுவது வேறு, மீட்பு வேறு. யூதரல்லாதவர் நோவாவின் ஏழு கட்டளைகளைக் கடைப்பிடித்தால் போதும். நீதிமான்களுக்கு, அவர்கள் எந்த இனமானாலும், மறுமையில் பங்குண்டு. அதனால்தான் பிறரை மதம் மாற்றும் வேகம் இந்த மரபில் இல்லை. யூதர்கள் மேல் சுமத்தப்பட்டவை 613 கட்டளைகள் என்பது மரபுக் கணக்கு. 'தெரிந்துகொள்ளப்பட்டவர்' என்பதற்கு மரபு தந்த முதல் பொருள் கூடுதல் வேலை என்பதே.

மதம் மாறியவர் என்னும் உரைகல்

தகுதியா, கட்டளையா என்று ஒருவருடைய உள்ளக் கருத்தை அறிய எளிய வழி உண்டு. யூதராக மாறியவரைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டால் போதும்.

ஸ்பெயினில் வாழ்ந்த கவிஞர் யூதா ஹலேவி 1140 வாக்கில் எழுதிய 'குசாரி', கசர் மன்னன் யூதத்துக்கு மாறுவதைப் பற்றிய உரையாடல் நூல். மாறுபவனே கதாநாயகன். அப்படியிருந்தும், எங்களோடு சேர்கிறவருக்கு எங்கள் நன்மையில் பங்குண்டு, ஆனால் எங்களுக்குச் சமமாக மாட்டார் என்று அதில் எழுதுகிறார். ஆதாமிலிருந்து வழிவழியாக வந்த 'தெய்வீக அம்சம்' இந்த வம்சத்தில் இருக்கிறது. தீர்க்கதரிசனம் அதற்குள் பிறந்தவருக்கே வரும் என்பது அவர் கொள்கை.

ஹலேவிக்கு அடுத்த தலைமுறையில் எகிப்திலிருந்த யூதச் சட்ட அறிஞரும் தத்துவவாதியுமான மைமோனிதீஸுக்கு ஒபதியா என்ற மதம் மாறியவர் கடிதம் எழுதினார். ஜெபத்தில் 'எங்கள் பிதாக்களின் தேவனே' என்றும் 'எங்களைத் தெரிந்துகொண்டவரே' என்றும் நான் சொல்லலாமா? என் பிதாக்கள் யூதர்கள் இல்லையே? எல்லாவற்றையும் அப்படியே சொல், ஒரு சொல்லைக்கூட மாற்றாதே என்று மைமோனிதீஸ் பதில் எழுதினார். யார் இந்த வழிக்கு வந்தாலும் ஆபிரகாம் அவருக்குத் தகப்பன். படைத்தவர் உன்னையும் தெரிந்துகொண்டுவிட்டார். உனக்கும் எங்களுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. யூத நம்பிக்கையின் பதின்மூன்று அடிப்படைகளை வகுத்தபோதும் 'தெரிந்துகொள்ளப்பட்ட மக்கள்' என்பதை அவர் தனி அடிப்படையாகச் சேர்க்கவில்லை.

அந்தக் கடிதத்தைவிட உயர்ந்த விளக்கம் இந்தப் பொருளில் இதுவரை எழுதப்படவில்லை என்பது என் எண்ணம். ஆனால் பின்வந்த காலத்தில் அதிகம் செல்வாக்குப் பெற்றது ஹலேவியின் கருத்துதான். கபாலா மறைஞானமும் அதன்பின் ஹசிதிய பக்தி இயக்கமும் யூத ஆன்மாவுக்கே தனி மூலம் உண்டு என்ற திசையில் போயின. இதற்கான காரணம் ஏட்டில் மட்டும் இல்லை. வெளியேற்றங்களும் படுகொலைகளும் தொடர்ந்த நூற்றாண்டுகளில், உலகம் இழிவுபடுத்தும் மக்களுக்குத் தங்கள் ஆன்மா உயர்ந்தது என்ற எண்ணம் பற்றுக்கோடாக இருந்தது. ஆட்சியோ ஆயுதமோ கையில் இல்லாதவரை அது யாரையும் காயப்படுத்தவும் இல்லை.

குடியுரிமையின் விலை

1670இல் தத்துவவாதி ஸ்பினோசா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். எபிரெயர் தெரிந்துகொள்ளப்பட்டது அறிவிலோ ஒழுக்கத்திலோ இல்லை, அரசிலும் நிலத்திலும்தான். அரசு போனதோடு அதுவும் போயிற்று. வாய்ப்பு வந்தால் அவர்கள் மீண்டும் அரசமைக்கலாம், கடவுள் அவர்களை மீண்டும் தெரிந்துகொள்ளலாம் என்றும் ஒரு வரி எழுதினார். இருநூற்றைம்பது ஆண்டு கழித்துச் சியோனிஸ்டுகள் அவரைக் கொண்டாடியதற்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

1789 டிசம்பரில் பிரெஞ்சு தேசிய மன்றத்தில் கிளெர்மோன்-தோனேர் பிரபு பேசியது பேரத்தின் விதிமுறையை நிர்ணயித்தது: தேசமாக யூதர்களுக்கு எதுவும் கிடையாது, தனிமனிதர்களாக எல்லாம் உண்டு. 1806இல் நெப்போலியன் யூதப் பிரமுகர்களைக் கூட்டிப் பன்னிரண்டு கேள்விகள் கேட்டான். பிரெஞ்சுக்காரர்களைச் சகோதரர்களாகக் கருதுகிறீர்களா, அந்நியர்களாகவா என்பது அவற்றில் ஒன்று. தனித்து வாழும் மக்கள் என்ற எண்ணத்துக்கும் குடியுரிமைக்கும் நடுவே தேர்ந்தாக வேண்டிய நிலை.

ஜெர்மனியின் சீர்திருத்த யூதர்கள் ஒரு வழி கண்டார்கள். நாங்கள் தேசம் இல்லை, ஒரு பணிக்காக உலகெங்கும் சிதறி அனுப்பப்பட்டவர்கள்; ஒரே கடவுள், ஒரே அறம் என்ற செய்தியைக் கொண்டுசெல்வதே எங்கள் பணி. ஏசாயாவின் 'ஜாதிகளுக்கு ஒளி' (பிற தேசங்களுக்கு வெளிச்சம்) இவர்களுடைய கொடி ஆனது. 1885இல் அமெரிக்கச் சீர்திருத்த ராபிகள் பிட்ஸ்பர்க்கில் கூடி, நாங்கள் இனி ஒரு தேசமல்ல, மத சமூகம் என்று தீர்மானமே போட்டார்கள். இங்கேயும் தகுதிப் பக்கம் மெல்லத் தலை நீட்டியது. கிரேக்கருக்குக் கலையில் மேதைமை போல யூதருக்குச் சமயத்தில் பிறவி மேதைமை உண்டு என்று சீர்திருத்தத் தலைவர் ஆபிரகாம் கைகர் வாதிட்டார். கட்டளையைத் தளர்த்தும் இடத்தில் 'பிறவிக்குணம்' வந்து இடம் பிடித்துக்கொள்கிறது. இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான்.

சியோனிசத்துக்குள் நடந்த வாக்குவாதம்

1881இல் ரஷ்யாவில் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. ஒடெஸாவின் மருத்துவர் லியோன் பின்ஸ்கர் அடுத்த ஆண்டே எழுதிய சிறு வெளியீட்டில், யூதர்கள் தெரிந்துகொள்ளப்பட்ட மக்கள்தான், உலகத்தின் வெறுப்புக்கென்று தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்று எழுதினார். சியோனிச அமைப்பை நிறுவிய ஹெர்சலுக்கும் இந்தக் கருத்தில் ஆர்வம் இல்லை. எங்களை ஒரே மக்களாக்கியவர்கள் எங்கள் எதிரிகள் என்பதே அவர் வாதம். இவர்களுக்கு அரசு என்பது நோய்க்கு மருந்து. சாதாரணமாக வாழ ஒரு நிலம் கிடைத்தால் போதும்.

எபிரெயக் கட்டுரையாளர் அகத் ஹா-ஆம் அதை ஏற்கவில்லை. அவருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. ஆனாலும் 1898இல், நீட்சேயின் 'அதிமனிதன்' அப்போது எல்லோர் வாயிலும் இருந்த நேரத்தில், அப்படி ஒரு மேன்மையான மனித வகை உருவாக வேண்டுமானால் அதற்கேற்ற மேன்மையான தேசமும் வேண்டுமே, அறத்தையே அடிப்படையாகக் கொண்ட யூத தேசம்தான் அது என்று வாதிட்டார். அவருக்கு எதிரே எழுத்தாளர் மீக்கா யோசெஃப் பெர்டிசெவ்ஸ்கி நின்றார். யூதம் என்ற தத்துவத்துக்காக யூதர்கள் இல்லை. முதலில் மனிதர்கள், அவர்கள் வாழட்டும். மூதாதையர் சுமையை எங்கள் மேல் ஏற்றாதீர்கள்.

அகத் ஹா-ஆம் செய்ததை நிதானித்துப் பார்க்க வேண்டும். தெரிந்துகொண்டவரை நீக்கிவிட்டார், தெரிந்துகொள்ளப்பட்ட நிலையை வைத்துக்கொண்டார். கடவுள் இருந்தவரை அந்த நிலைக்குக் கணக்குக் கேட்க ஒருவர் இருந்தார். ஆமோஸின் 'ஆகையால்' செல்லுபடியாகும். அவர் போனபின் அறம் என்பது மக்களின் இயல்பாகிவிடுகிறது. இயல்பாக இருப்பதை யார் விசாரிப்பது? அகத் ஹா-ஆம் தன் மக்களைக் கடுமையாக விமர்சித்தவர், 1891இலேயே பாலஸ்தீனத்து அரபுகளைக் குடியேறிகள் நடத்தும் விதத்தைக் கண்டித்து எழுதியவர்; அந்த நேர்மை அவரிடம் இருந்தது. அவர் கட்டிய வாதம் அந்த நேர்மையைப் பின்வந்தவர்களுக்குக் கொடுக்கவில்லை.

பென்குரியன் அந்த வாதத்தின் வாரிசு. மதச் சடங்குகளைக் கடைப்பிடிக்காத அவர் 'அம் செகுலா' என்ற சிறப்பு மக்கள் பட்டத்தையும் 'ஜாதிகளுக்கு ஒளி' என்பதையும் ஓயாமல் பேசினார். அதை அவர் நடைமுறையாக்கிய இடம் ஒன்று உண்டு: வெளிநாட்டு வளர்ச்சி உதவிக்காக 1950களின் இறுதியில் தொடங்கிய மஷாவ் அமைப்பு. புதிதாக விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேளாண்மை, மருத்துவ நிபுணர்களை அது அனுப்பியது. ராஜதந்திரக் கணக்கும் அதில் இருந்தது, மெய்யான இலட்சியமும் இருந்தது. அதே ஆண்டுகளில் நாட்டின் அரபுக் குடிமக்களில் பெரும்பாலோர் ராணுவ நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார்கள். அது 1966 வரை நீடித்தது. தூரத்து ஜாதிகளுக்கு ஒளி கொடுப்பது எளிது. பக்கத்து வீட்டில்தான் தீர்க்கதரிசிகளின் அளவுகோல் சோதிக்கப்படுகிறது.

ராபி கூக்கின் கடிதம்

1921இல் பாலஸ்தீனத்தின் தலைமை ராபியான ஆபிரகாம் ஐசக் கூக் இந்த வரலாற்றில் மிக நுட்பமான திருப்பத்தைச் செய்தவர். அவர் முன்னிருந்த சிக்கல் இது. நிலத்தை உழுதவர்கள், சாலை போட்டவர்கள், எபிரெயத்தைப் பேச்சுமொழியாக்கியவர்கள் பெரும்பாலும் மதத்தை உதறியவர்கள். வைதீக ராபிகள் அவர்களைச் சபித்தார்கள். கூக் ஒரு கடிதத்தில் விளக்கினார்: இஸ்ரவேலின் புனிதத்தில் இரண்டு கூறுகள் உண்டு. ஒன்று 'பெஹிரா', ஒருவர் தன் செயலாலும் கல்வியாலும் தானே தேடிக்கொள்வது. மற்றது 'செகுலா', முன்னோரிடமிருந்து ஆன்மாவில் இயல்பாகவே வந்து சேர்வது. இரண்டாவதே பெரியது. இந்தத் தலைமுறையில் முதலாவது குறைந்துபோயிருக்கிறது, இரண்டாவது நிறைந்திருக்கிறது. ஆகவே ஓய்வுநாளில் புகைபிடிக்கும் இளைஞனும் தானறியாமல் புனிதப் பணி செய்கிறான்.

அந்தக் காலத்து ராபி ஒருவரிடமிருந்து இதைவிடப் பெருந்தன்மையான சொல்லை எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் கட்டளையிலிருந்து தகுதியை முற்றிலும் விடுவித்தால்தான் அந்தப் பெருந்தன்மை சாத்தியமாகிறது. அதன் மறுபக்கம் கூக்கின் எழுத்திலேயே இருக்கிறது: இஸ்ரவேலின் ஆன்மாவுக்கும் பிற ஜாதிகளின் ஆன்மாவுக்கும் உள்ள இடைவெளி, மனித ஆன்மாவுக்கும் மிருக ஆன்மாவுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிது என்று எழுதியிருக்கிறார். எல்லா மனிதர்களையும் நேசிக்கச் சொன்னவரும் அவர்தான். சொந்த மக்களில் ஒருவரைக்கூட விட்டுவிடக் கூடாது என்பதற்காக வைத்த அடித்தளத்தின் விலையை மற்றவர்கள் கொடுக்க வேண்டியதாயிற்று.

விலை கேட்கப்பட்டது 1967க்குப் பிறகு. ஆறு நாள் போரில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் கைக்கு வந்தபோது, அவர் மகன் ஸ்வி யெஹூதா கூக்கும் மெர்காஸ் ஹாராவ் மடத்தில் அவரிடம் பயின்ற மாணவர்களும் அதை மீட்பின் அடுத்த கட்டமாகக் கண்டார்கள். 1974இல் குஷ் எமுனிம் குடியேற்ற இயக்கம் பிறந்தது. எண்ணாகமத்தில் பிலேயாம் சொல்லும் 'தனியே வாசமாயிருக்கும் ஜனம்' என்ற வரி பெருமைக்குரியதாக ஒலிக்கத் தொடங்கியது. மற்ற தேசங்களைப் போல என்ற 1948இன் சொல் இவர்களுக்கு ஒரு குறைபாடாகத் தெரிந்தது. இந்தத் திசையின் கடைசி முனையில் மெயிர் கஹானே 1984இல் நாடாளுமன்றத்துக்கு வந்தார்; ஜனநாயகமும் யூத அரசும் ஒத்துவராது என்று வெளிப்படையாகவே சொன்னார். இனவெறியைத் தூண்டும் கட்சிகள் போட்டியிடத் தடை விதிக்கும் சட்டத் திருத்தம் 1985இல் வந்தது. 1988 தேர்தலில் அவர் கட்சி விலக்கப்பட்டது.

எல்லா மதவாதிகளும் இந்தப் பக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. சத்மர் ஹசிதியர்களின் தலைவர் யோவேல் டைடெல்பாம், கடவுள் தெரிந்துகொண்டவர்கள் என்பதற்காகவே யூதர்கள் தாமாக அரசமைக்கக் கூடாது, மெசியா வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று தால்முத்திலுள்ள மூன்று சத்தியங்களைக் காட்டி வாதிட்டார். ஒரே கருத்திலிருந்து நேர் எதிரான அரசியல்.

கைவிட்டவரும் இறுக்கிப் பிடித்தவரும்

ஜெபக்கூடத்தில் தோரா வாசிக்க அழைக்கப்படுபவர், சுருளைத் தொட்டுவிட்டு ஓர் ஆசிமொழி சொல்வார்: 'எல்லா மக்களிலிருந்தும் எங்களைத் தெரிந்துகொண்டு, எங்களுக்குத் தமது தோராவைத் தந்தவர்'. ஓய்வுநாள் காலையில் ஏழு பேர், ஒருவர் பின் ஒருவராக, இதைச் சொல்கிறார்கள். நியூயார்க்கில் ராபிகளுக்கு அரை நூற்றாண்டு பாடம் நடத்திய மொர்தெகாய் கப்லான் 1945இல் வெளியிட்ட ஜெபநூலில் அந்த முதல் பாதியை எடுத்துவிட்டு, 'தமது சேவைக்கு எங்களை அருகே அழைத்தவர்' என்று போட்டார். நம்பாததை ஜெபத்தில் சொல்லக் கூடாது. ஒவ்வொரு மக்களுக்கும் தங்கள் அழைப்பு இருக்கலாம், ஒருவருக்கு மட்டும் என்பது அறமாகாது என்பது அவர் நிலை. 'சிறப்புப் பணி' என்று மழுப்பிய விளக்கங்களையும் அவர் ஏற்கவில்லை. அந்த ஜூன் மாதம் வைதீக ராபிகளின் சங்கம் நியூயார்க் விடுதி ஒன்றில் கூடி அவரைச் சமூக விலக்கு செய்தது. கூட்டத்தில் அந்த ஜெபநூல் எரிக்கப்பட்டது. ஐரோப்பாவில் நாஜிகள் சரணடைந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நாஜிகளின் யூதப் படுகொலைக்குப் பின் கேள்வி இன்னும் கூர்மையானது. வரலாற்றை நடத்தும் கடவுள் இந்த மக்களைத் தெரிந்துகொண்டார் என்றால் ஔஷ்விட்ஸ் வதைமுகாமும் அவர் ஏற்பாடா என்று கேட்டு, அப்படிப்பட்ட கடவுளை ஏற்க முடியாது என்று 1966இல் எழுதினார் அமெரிக்க ராபி ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன். பலருக்கு அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை. தெரிந்துகொள்ளப்பட்டதற்கு இவ்வளவு விலை கொடுத்த பிறகு அதை எப்படித் தூக்கிப்போடுவது என்ற உணர்வு அவர்களைத் தடுத்தது. அது வாதமாகாது, ஆனாலும் அதை அலட்சியம் செய்ய எனக்கு மனமில்லை.

கப்லான் கைவிட்டதை ஜெருசலேமின் யெஷாயாஹு லைபோவிட்ஸ் இறுக்கிப் பிடித்தார், ஆனால் கட்டளைப் பாதியை மட்டும். உயிர்வேதியியல் பேராசிரியர், ஒவ்வொரு கட்டளையையும் கடைப்பிடித்த வைதீகர், 1967 முடிந்த கையோடு ஆக்கிரமிப்பை எதிர்த்தவர். எண்ணாகமத்தின் இரண்டு இடங்களை அவர் அருகருகே வைத்துக் காட்டுவார். 15ஆம் அதிகாரத்தின் முடிவில், கட்டளைகளையெல்லாம் நினைத்துச் செய்து பரிசுத்தராயிருங்கள் என்று வருகிறது. சில வரிகள் தள்ளி 16ஆம் அதிகாரத்தில், மோசேக்கு எதிராகக் கலகம் செய்யும் கோராகு சொல்கிறான்: சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள். முதலாவதில் பரிசுத்தம் இனிமேல் எட்ட வேண்டியது, ஒருபோதும் முடியாத வேலை. இரண்டாவதில் அது ஏற்கெனவே கையிலிருப்பது. கோராகுவைப் பூமி விழுங்கியது. யூத மக்களிடம் இயல்பாகவே ஒரு புனிதம் இருக்கிறது என்று பேசுபவர்கள் கோராகுவின் சீடர்கள் என்று லைபோவிட்ஸ் சொல்வார். கூக்கின் மாணவர்களைத்தான் குறிப்பிட்டார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

இதற்குப் பதில் இல்லாமல் இல்லை. கடவுள் ஆபிரகாமின் குடும்பத்தை ஒரு தகப்பன்போல நேசித்தார், அன்பு எப்போதும் குறிப்பிட்ட ஒருவர் மேல்தான் விழும், மற்றவர்களை அவர் வெறுத்தார் என்று ஆகாது என்று அமெரிக்கத் தத்துவவாதி மைக்கேல் விஷோகிராட் வாதிட்டார். உபாகமத்தின் ஏழாம் அதிகாரம் அவர் பக்கம் நிற்கிறது. குடும்பமாக இருக்கும்வரை அந்த வாதத்தில் குறையில்லை. அந்தக் குடும்பத்தின் கையில் அரசும் ராணுவமும் வந்து, ஐந்தில் ஒரு பங்குக் குடிமக்கள் வேறு குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கும்போது அது போதவில்லை.

எதிரிகள் இந்தக் கருத்தைப் பயன்படுத்திய விதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உலகை ஆளத் திட்டமிடும் இனம் என்ற கட்டுக்கதைக்கு 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' என்ற சொல்லே சாட்சியாக நீட்டப்பட்டது. 1703இல் பிரஷ்ய அரசு 'அலெய்னு' ஜெபத்தின் ஒரு வரியைத் தடைசெய்து, கண்காணிக்க ஆளும் போட்டது. இங்கிலாந்தின் தூய்மைவாதிகளும் அமெரிக்கக் குடியேறிகளும் தென்னாப்பிரிக்க ஆப்பிரிகானர்களும் இதே யாத்திராகமத்தைப் படித்துத் தங்களை இஸ்ரவேல் என்று அழைத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் அந்தக் கட்டுக்கதை ஏறவில்லை. யூதர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் உலகிலேயே ஒழுக்கமான ராணுவம் எங்களுடையது என்று இஸ்ரேலிய அரசியல்வாதிகள் மேடையில் சொல்லும்போது, ஒருகாலத்தில் கட்டளையாக இருந்தது தற்புகழ்ச்சியாக மாறிவிட்டிருக்கிறது. அளவுகோலைத் தானே உயர்த்திப் பிடித்துவிட்டு, அதைக் கொண்டு அளப்பவர்களையெல்லாம் பகைவர் என்று சொல்லவும் முடியாது.

சட்டப் புத்தகத்தில்

இந்த வாதமெல்லாம் யாருடைய வாழ்க்கையில் இறங்குகிறது என்றால், யூதர் யார் என்று அரசு தீர்மானிக்க வேண்டிய இடத்தில். 1950இன் திரும்புதல் சட்டம் எந்த யூதரும் வந்து குடியுரிமை பெறலாம் என்றது. யூதர் யார் என்று சொல்லவில்லை. யூதராகப் பிறந்து, நாஜிகளிடமிருந்து பலரைக் காப்பாற்றி, பின் கத்தோலிக்கத் துறவியான சகோதரர் டேனியல் அந்த உரிமையைக் கேட்டார். ஹலாகா என்ற மதச்சட்டப்படி அவர் யூதரே. 1962இல் மதச்சார்பற்ற உச்சநீதிமன்றம்தான் இல்லை என்றது. 1970இன் திருத்தம் இரண்டு கதவுகளை வைத்தது. யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது மதம் மாறியவர், வேறு மதத்தில் இல்லாதவர், யூதர். ஆனால் குடியேறும் உரிமை யூதரின் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அவர்களின் துணைக்கும்கூட உண்டு.

பிறப்பை மட்டும் நம்பினாலும் சிக்கல் தீரவில்லை. மகாராஷ்டிரக் கொங்கண் கரையிலிருந்து போன பெனே இஸ்ரேல் மக்களின் தாய்வழியைத் திருமணத்துக்கு முன் விசாரிக்க வேண்டும் என்று 1960களின் தொடக்கத்தில் தலைமை ராபியகம் உத்தரவிட்டது. அவர்கள் ஜெருசலேமில் போராட்டம் நடத்தினார்கள். எல்லா வகையிலும் அவர்கள் யூதர்களே என்று 1964 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தீர்மானம் போட வேண்டியிருந்தது. எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்களிடம் 1980களில் அடையாள மதமாற்றச் சடங்கு கேட்கப்பட்டபோது அவர்களும் தெருவில் உட்கார்ந்தார்கள்.

2018இன் தேசிய அரசு அடிப்படைச் சட்டம் 62க்கு 55 என்ற வாக்கில் நிறைவேறியது. இஸ்ரேல் நாட்டில் தேசிய சுயநிர்ணய உரிமை யூத மக்களுக்கு மட்டுமே உரியது என்கிறது அது. 'தெரிந்துகொள்ளப்பட்ட' என்ற சொல் இங்கும் இல்லை. 1948 பிரகடனத்தில் இருந்த சமத்துவம் என்ற சொல்லும் இல்லை. 2021 ஜூலையில் உச்சநீதிமன்றம் சட்டத்தை உறுதிசெய்தது. பதினொருவரில் மாறுபட்டவர் அரபு நீதிபதி ஜார்ஜ் கர்ரா ஒருவரே.

அதே 2021 மார்ச்சில் அந்த நீதிமன்றம், இஸ்ரேலுக்குள் வைதீகரல்லாத சீர்திருத்த, கன்சர்வேடிவ் பிரிவுகளின் ராபிகளிடம் மதம் மாறியவர்களும் திரும்புதல் சட்டப்படி யூதர்களே என்று தீர்ப்பளித்தது. திருமணம் 1953 சட்டப்படி வைதீக ராபிகளின் கையிலேயே இருக்கிறது. அவர்கள் இந்த மதமாற்றத்தை ஏற்பதில்லை. பழைய சோவியத் நாடுகளிலிருந்து 1989க்குப் பின் வந்த ஏறத்தாழப் பத்து லட்சம் பேரில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாத்தாவோ அப்பாவோ யூதர் என்பதால் குடியுரிமை பெற்று, ராணுவத்தில் பணியாற்றி, 'மதமற்றவர்' என்ற பதிவோடு வாழ்கிறார்கள். அவர்களும் உள்நாட்டில் யூதராக மணக்க முடியாமல் சைப்ரஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். 613 கட்டளைகளில் தன்னால் ஆனவற்றைப் படித்து விரும்பி ஏற்றுக்கொண்டவரும் அதே விமானத்தில்தான் போக வேண்டியிருக்கிறது. ஒபதியாவுக்கு மைமோனிதீஸ் எழுதிய பதில் இன்றும் ஹலாகா நூல்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. திருமணப் பதிவு அலுவலகத்தில் அதற்கு மதிப்பில்லை.